எரியும் உடையோடு ஒரு சல்யூட்

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. இந்தப் பெயரை உங்களில் பலர் இப்போதுதான் கேட்கிறீர்கள். போலந்திலிருந்து கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறிய குடும்பத்தில் 1916-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே அப்பாவை இழந்து, வீட்டுக்காக வேலைக்குப் போனவர். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது, கனடாவின் விமானப்படையில் சேர்ந்தார்.

அவர் பறந்தது லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில். அதில் ஏழு பேர். மைனார்ஸ்கி முதுகுப் பக்கத் துப்பாக்கிக் கூண்டில் இருப்பார். வால் கூண்டில் அவருடைய நண்பர் பாட் பிராஃபி. அந்த வால் கூண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் உட்கார்ந்தால் பாராசூட்டுக்கு அங்கே இடமில்லை. அதைக் கூண்டுக்கு வெளியே மாட்டி வைத்திருப்பார்கள். கூண்டு திரும்புவது எஞ்சின் தரும் விசையால். எஞ்சின் போனால் கையால்தான் திருப்ப வேண்டும்.

1944 ஜூன் 12 இரவு. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மானியத் துணைப்படைகள் வந்து சேராமல் தடுக்க, பிரான்சில் கம்ப்ரே நகரின் ரயில் நிலையங்களைத் தாக்கப் புறப்பட்டார்கள். வழியில் எதிரிப் போர்விமானம் ஒன்று பின்னாலிருந்து, கீழ்ப்பக்கமாக வந்து சுட்டது. இடப்பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் நின்றுவிட்டன. இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே தீ. எல்லோரும் குதியுங்கள் என்று விமானி உத்தரவிட்டார்.

மைனார்ஸ்கி கூண்டைவிட்டு இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார். குதித்திருந்தால் பிழைத்திருப்பார். அப்போதுதான் பிராஃபி கூண்டுக்குள் சிக்கிக்கொண்டது தெரிந்தது. வெளியேறத் தவித்ததில் கையால் சுற்றும் கைப்பிடியும் உடைந்து போயிருந்தது.

மைனார்ஸ்கி தீக்குள் புகுந்து போனார். உடையிலும் பாராசூட்டிலும் தீப்பிடித்தது. என்ன செய்தும் கூண்டு அசையவில்லை. என்னை விட்டுப் போ என்று பிராஃபி சைகை காட்டினார். மனமில்லாமல் பின்வாங்கி வாசலுக்கு வந்த மைனார்ஸ்கி, எரியும் உடையோடு நண்பரைப் பார்த்து நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தரையில் பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. தீக்காயங்களால் இறந்தார். வயது 27.

எல்லோரும் அந்தச் சல்யூட்டைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வாசல்வரை வந்தவர் திரும்பிப் போனாரே, அது. யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லப்போனால், குதி என்பதுதான் உத்தரவு.

சரி, இது நமக்கு எப்படித் தெரிந்தது? விமானம் தரையில் மோதியபோது பிராஃபி வெளியே தூக்கி எறியப்பட்டு, உயிரோடு எழுந்தார். அவர் சொன்னதால் 1946-ல் மைனார்ஸ்கிக்கு, போரில் வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அம்மாதான் அதை வாங்கிக்கொண்டார்.

மைனார்ஸ்கியின் விமானமும் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அந்த விமானங்களுக்குள் கடைசி நிமிடங்களில் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்ல, பெரும்பாலும் ஒருவரும் மிஞ்சவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்றும் பறக்கும் நிலையில் இருக்கும் லங்காஸ்டர்கள் உலகில் இரண்டுதான். ஒன்று கனடாவின் ஹாமில்டனில், மைனார்ஸ்கியின் நினைவாக அவருடைய விமானத்தின் அடையாள எழுத்துகளையே தாங்கி நிற்கிறது. அங்கே போக வாய்த்தால், முன்பக்கம் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வால் பக்கம் போய், அந்தக் கூண்டு எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.