தூண் இருந்த இடம்

(கோவையில் மில் மேற்பார்வையாளர்களும் பணியாளர் நலத் துறையினரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

வணக்கம். தொழிலாளர்கள் தங்கள் வேலையைத் தாங்களே அமைத்துக்கொள்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு தறிக் கொட்டகை. 224 தானியங்கித் தறிகள், 29 ஆட்கள். அந்த 29 பேருக்குள் 12 வகை வேலை. வீவர் ஒருவருக்கு 24 தறி அல்லது 32 தறி. பேட்டரி நிரப்புகிறவருக்கு 40 அல்லது 50. காற்றை அடித்து நூலைச் செலுத்துகிற ஏர்ஜெட் தறியில் வேலை பழகிய தம்பிகள் கார் பேட்டரியை நினைத்துவிட வேண்டாம். தறியின் ஓரத்தில் வட்டமாகச் சுழலும் ஒரு தட்டு, அதில் ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், சுற்றிய கட்டைகளை அடுக்கி வைப்பார்கள், அதற்குப் பெயர் பேட்டரி. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் கொத்தாக அறுந்தால் ஓடிவந்து சேர்க்கிற ஸ்மாஷ் ஹேண்டுக்குச் சராசரியாக 75 தறி.

இப்போது ஒரு வீவரின் தறியில் பாவு அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஸ்மாஷ் ஹேண்டை அதே நேரத்தில் இன்னும் இரண்டு வீவர்கள் கூப்பிடுகிறார்கள். அவர் யாரிடம் முதலில் போவார்? யார் சொன்னால் கேட்பார்? 24ம் 40ம் 75ம் எந்த இடத்திலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எல்லோரும் எல்லோரையும் நம்பி நிற்கிறார்கள், ஆனால் யாரும் யாருடைய ஆளும் இல்லை.

இது நான் கட்டிய கதை இல்லை. அகமதாபாத் காலிகோ மில், 1953. புதுத் தறி வாங்கியாயிற்று. யார் எத்தனை தறி பார்க்க வேண்டும் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தாயிற்று. காகிதத்தில் எல்லாம் சரி. துணி மட்டும் எதிர்பார்த்தபடி வரவில்லை, வந்த துணியிலும் பழுது.

வேலையிடத்தில் மனித உறவுகளை ஆராயும் லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ. கே. ரைஸ் என்பவர் ஆலோசகராக வந்தார். அவர் சொன்னது எளிய யோசனை. ஆளுக்கொரு வேலை, வேலைக்கொரு தறி எண்ணிக்கை என்று பிரிக்காதீர்கள். ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு குழு. அந்தத் தறிகளில் நடக்கிற அத்தனைக்கும் அந்தக் குழுவே பொறுப்பு. இந்த யோசனை நிர்வாகத்தின் மேல்தட்டில் பேசப்பட்டு, மேற்பார்வையாளர்கள் வழியாகத் தறிக் கொட்டகைக்குப் போனது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். குழுவை எப்படிப் பிரிப்பது என்று ரைஸ் பட்டியல் போடவில்லை, மேனேஜரும் போடவில்லை. காதில் விழுந்த கையோடு தொழிலாளர்களே கூடிப் பேசி, யாரோடு யார் என்று தாங்களே பிரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். யார் யாரோடு ஒத்துப்போவார், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது பணியாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீஸ் ஃபைலில் இருக்காது. அது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஓடும் திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95 வரை ஏறியது. பழுதுத் துணி 32 சதவீத அளவிலிருந்து 20க்கு இறங்கியது. தறி அதே தறி, ஆளும் அதே ஆள்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அகமதாபாத் வெறும் நிலம் இல்லை. 1918இல் அங்கே மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். காந்தி உண்ணாவிரதம் இருந்தார். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் அவருடைய கூடப்பிறந்த அக்கா அனசூயா. 1920இல் மஜூர் மகாஜன் என்ற மில் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ரைஸ் வந்து இறங்கியபோது எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பழக்கம் அந்த ஊருக்கு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பழக்கம் இல்லாத மில்லில் போய் ‘நீங்களே குழுப் பிரித்துக்கொள்ளுங்கள்’ என்றால், ‘எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?’ என்றுதான் முதல் கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ‘பங்கேற்பு’ என்று பேனர் கட்டுவது ஏமாற்று வேலை.

என் கதைக்கு வருகிறேன். பெருமைப்படுகிற கதை இல்லை.

நான் பர்சனல் ஆபீசராக இருந்த ஒரு மில்லில் கோன் வைண்டிங் பகுதியை, அதாவது நூலைக் கூம்புகளில் சுற்றும் பகுதியை, மாற்றி அமைத்தோம். புது மெஷின், புது டிராலி, புது வழித்தடம். அப்போது இருந்த தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ பிரிவு உண்டு. வேலை நிலைமையை மாற்றுவதற்கு 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். சட்டப்படி நான் சுத்தம். மாடியில் ஒரு கூட்டமும் போட்டு, வரைபடத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ‘ஏதாவது சொல்லணுமா?’ என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

முதல் நைட் ஷிப்டிலேயே டிராலி நின்றுவிட்டது. வழித்தடத்தில் ஒரு தூண். பழைய டிராலி அதைச் சுற்றித் திரும்பும், புதியது ஒரு சாண் நீளம் கூடுதல், திரும்பாது. பெண்கள் கோன்களை இறக்கி, கையில் சுமந்து, தூணுக்கு அந்தப் பக்கம் வேறு டிராலியில் அடுக்கினார்கள். மூன்று வாரம் அப்படியே ஓடியது. எனக்கு யாரும் சொல்லவில்லை. கோன் ஓரம் நசுங்குகிறது என்று புகார் வந்த பிறகுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

பதினெட்டு வருடம் அங்கே வேலை பார்த்த ஒரு அம்மாவிடம், ‘அன்னைக்குக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே’ என்றேன். அந்தம்மா கோனைக் கீழே வைக்காமலே சொன்னார்: ‘நீங்க எங்கீங் சார் கேட்டீங்க? படத்தைக் காட்டுனீங்க. படத்துல தூணே இல்லீங்களே.’

உண்மை. இஞ்சினியர் போட்ட படத்தில் தூண் இல்லை.

அப்போது எங்களிடம் ஒர்க்ஸ் கமிட்டி இல்லாமல் இல்லை. நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் அமைக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவிடலாம் என்று அதே 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது, நிர்வாகம், தொழிலாளர் என்று இரு பக்கமும் உறுப்பினர். எங்கள் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் டீயில் பால் குறைவு, கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஷீட். எல்லாம் தேவைதான். ஆனால் மெஷின் வாங்குவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பணம் புரளும் முடிவு மாடியில், டீ பற்றிய முடிவு கமிட்டியில் என்று நாங்களே பாகம் பிரித்திருந்தோம். அந்தப் பக்கங்களில் எல்லாம் என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் மனதில் கேட்கிற கேள்வி எனக்குக் கேட்கிறது. குழுவே எல்லாம் பார்த்துக்கொண்டால் எனக்கு என்ன வேலை? குழு முறையில் சூப்பர்வைசரின் வேலை கொட்டகைக்கு வெளியே பார்க்கிற வேலை. நூல் நேரத்துக்கு வருகிறதா, உதிரிபாகம் இருக்கிறதா, மாடியிலிருந்து நாளுக்கொரு உத்தரவு இறங்காமல் தடுக்க முடிகிறதா என்று பார்ப்பது. உள்ளே புகுந்து ‘நீ அந்தத் தறிக்குப் போ’ என்றால் குழு அன்றோடு முடிந்தது. அப்படிப் புகாமல் கையைக் கட்டிக்கொள்வது சூப்பர்வைசருக்குத்தான் ரொம்பக் கஷ்டம். தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்கிறோம், இவருக்கு யார் கொடுத்தது?

1970இல் எரிக் மில்லர் என்ற இன்னொரு டேவிஸ்டாக் ஆய்வாளர் காலிகோவுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். ஒரு கொட்டகையில் குழு முறை பதினாறு பதினேழு வருடம் கழித்தும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து, பழைய வழிக்குத் திரும்பியிருந்தது. ஒரே மில், ஒரே முதலாளி. பிற்பாடு 1980களிலும் 90களிலும் அகமதாபாத் மில்கள் வரிசையாக மூடின, காலிகோவும் தப்பவில்லை. சந்தை போனால் குழு என்ன செய்யும்?

அந்தத் தூணை நாங்கள் இடிக்கவில்லை, கூரை அதன் மேல் நிற்கிறது. அந்தம்மாவும் இன்னும் நான்கு பேரும் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே புது வழி போட்டார்கள். பாதி நாளில் முடிந்தது. மெஷின் ஒன்றை இரண்டடி நகர்த்த வேண்டியிருந்தது, அதையும் ஃபிட்டரிடம் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மணி ஐந்தே கால் ஆகிறது. மைக்கைப் பின் வரிசைக்குக் கொடுங்கள் தம்பி. அங்கே ஒரு அண்ணன் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார்.