வெயில் காலத்தில் டயர் காற்றைக் குறைக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோடையில் தூரப் பயணம் போனால் டயர் சூடேறி வெடித்துவிடும், அதனால் நாலைந்து பாயிண்ட் (psi, காற்றழுத்த அளவு) காற்றைக் குறைத்துக்கொள் என்று என் மாமா சொல்கிறார். குறைக்கலாமா? டயரில் வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?"

மாமா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் குறைக்காதீர்கள். அவர் எந்த வெடிப்புக்குப் பயப்படுகிறாரோ, அது காற்று குறைந்த டயரில்தான் அதிகம் வரும்.

டயரை நாம் பலூன் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். காற்று கூடினால் படார் என்று போய்விடும் என்று பயம். உண்மையில் டயருக்குள் நூலிழையும் எஃகு இழையும் அடுக்கடுக்காக இருக்கின்றன. காற்று போதாதபோது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அமுங்கி அமுங்கி நிமிரும். ஒரு கம்பியை அப்படியும் இப்படியும் வளைத்துக்கொண்டே இருங்கள். வளைகிற இடம் சுடும், அப்புறம் ஒடியும். அதே கதைதான் இங்கேயும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண கார் டயர் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை தடவையும் அமுங்கி எழுந்தால் சூடு எங்கே போகும்? உள்ளேயே சேர்ந்து ரப்பரும் இழையும் பிரிந்துவிடும். குடும்பத்தோடு, பெட்டி படுக்கையோடு போகும்போது சுமையும் சேர்ந்துகொள்கிறது.

வெயிலில் அழுத்தம் ஏறுவது உண்மைதான். 10 டிகிரி சூடு கூடினால் ஒன்றரை, இரண்டு பாயிண்ட் ஏறும். டயரை வடிவமைத்தவர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் அளவு சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அளவு எங்கே இருக்கிறது? டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு என்று பெரும்பாலும் இரண்டு இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு இல்லை. அதிகமாக அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், சாலைப் பிடிப்பும் குறையும்.

ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டி. நாம் என்ன செய்கிறோம்? நெடுஞ்சாலையில் பாதி தூரம் ஓட்டிவிட்டு, பங்க்கில் நிறுத்தி, "ஐயோ, நாலு பாயிண்ட் கூட இருக்கே" என்று இறக்கிவிடுகிறோம். காலையில் டயர் ஆறியதும் அந்த நாலும் குறைவாக நிற்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. சின்னதாக ஒரு அளவுமானி வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்த்தால் போதும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பீர்கள். பல கார்களில் கால் பங்கு அழுத்தம் இறங்கிய பிறகுதான் அது எரியும். அதை மட்டும் நம்ப முடியாது. டயரில் நைட்ரஜன் அடிப்பதும் அப்படித்தான், அடித்தால் தப்பில்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். நைட்ரஜன் அடித்தவர்களும் அளவு பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அளவு பார்க்கக் குனியும்போதே டயரைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்க வேண்டும். வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா, அது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பக்கச்சுவரில் கொப்புளம் மாதிரிப் புடைத்திருந்தால் பள்ளத்தில் அடிபட்டு உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஒட்டுப் போடுவது எல்லாம் நடக்காது, டயரை மாற்றுங்கள்.

டயர் தரையைத் தொடும் பகுதியில் கட்டம் கட்டமாகத் தெரியும் ரப்பர்தான் பட்டன். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் குறுக்காகச் சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் நிறைய ஓட்டுபவர் என்றால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து. தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் இல்லையென்றால் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும், பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பவும் வேண்டாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால், ஓடாத டயராக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

ஸ்டெப்னியை விட்டுவிட்டேனே. இவ்வளவு பேசுகிற நானே ஒருமுறை நடுராத்திரியில் பஞ்சராகி, ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. நான்கு டயருக்குப் பார்க்கும்போது ஐந்தாவதுக்கும் பார்த்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி பிரேக் சத்தம் பற்றி.