குளிர்காலத்தில் புல் விதை: சேலத்துக்கு ஒரு கணக்கு, ஏற்காட்டுக்கு ஒரு கணக்கு

[திரையில்: புல் விதைப் பாக்கெட்டின் பின்பக்கம், நெருக்கத்தில்]

வணக்கம். வெளிநாட்டுப் புல் விதைப் பாக்கெட்டுகளின் பின்னால் பெரும்பாலும் இப்படித்தான் போட்டிருக்கும்: இலையுதிர் காலத்தில் விதையுங்கள், அது தவறிவிட்டால், கடுங்குளிரில் மண் உறைந்திருக்கும்போது தூவிவிடுங்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஜனவரி மத்தியான வெயிலில் நின்றுகொண்டு இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். நமக்கு இலையுதிர் காலம் எது? மண் எங்கே உறைகிறது?

ஆனால் எழுதியிருப்பது பொய் இல்லை. எழுதினவருக்கு ஊர் வேறு, அவ்வளவுதான். அந்த ஊரில் அது ஏன் பலிக்கிறது என்று தெரிந்துகொண்டால், சேலத்தில் எப்போது, ஏற்காட்டில் எப்போது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். அதனால் முதலில் அங்கே போய்விட்டு வருவோம்.

[திரையில்: பனி மூடிய புல்வெளி]

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்கள், கனடா போன்ற குளிர் நாடுகளில் புல் விதைக்க நல்ல பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடிய. கோடைச் சூடு மண்ணில் இன்னும் மிச்சம் இருக்கும். காற்று குளிர ஆரம்பித்திருக்கும். களைகளின் வேகமும் அடங்கியிருக்கும். இந்தப் பருவத்தைக் கோட்டைவிட்டவர்கள் செய்வதுதான் குளிர்கால விதைப்பு. மண்ணின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்ற பிறகு விதையைத் தூவுவார்கள். விதை முளைக்காது. முளைக்கக் கூடாது என்பதுதான் திட்டமே.

அப்புறம் நடப்பது அழகான வேலை. இரவில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரிகிறது, பகலில் உருகுகிறது. இப்படி மாறி மாறி நடப்பதால் மேல்மண் வெடித்து வெடித்து மூடும். அந்தச் சின்ன வெடிப்புகளில் விதை தானாகவே இறங்கி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். யாரும் கொத்த வேண்டாம், மூட வேண்டாம். வசந்தத்தில் மண் 10 டிகிரியைத் தாண்டியதும், ஆள் இறங்க முடியாத சேறாக நிலம் கிடக்கும்போதே முளை வெளியே வந்துவிடும்.

அங்கேயும் ஒரு பயம் உண்டு. நடுக் குளிர்காலத்தில் ஒரு வாரம் நன்றாக வெயில் அடித்துவிட்டால் விதை ஏமாந்து முளைவிடும். அடுத்த வாரம் உறைபனி வந்து அத்தனையையும் கொன்றுவிடும். அதனால் ஒரு பங்கு வீணாகும் என்று தெரிந்தே விதையைக் கூடுதலாகத் தூவுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். அங்கே விதையைக் காப்பாற்றுவது முழுக் குளிர். நம்மிடம் இருப்பது அரைக் குளிர்.

[திரையில்: அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதை]

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆக, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் இறங்கும்போது ஏறக்குறைய 7, 8 டிகிரி குறைந்திருக்கும். மார்கழி, தையில் ஏற்காட்டு இரவு 12, 13 டிகிரி வரை போகும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஏற்காட்டில் ஆளைத் துளைக்கும், அது உண்மை. ஆனால் தரை 5 டிகிரிக்கு இறங்குவதே இல்லை.

அப்படியானால், பாக்கெட்டை நம்பி டிசம்பரில் ஏற்காட்டில் அருகம்புல் விதையைத் தூவினால் என்ன ஆகும்? பனியிலும் மூடுபனியிலும் விதை ஈரத்தைக் குடித்து ஊறிவிடும். முளைக்கத் தேவையான சூடு மண்ணில் இருக்காது. உறையவும் இல்லை, முளைக்கவும் இல்லை. ரயிலை விட்டுவிட்டு பிளாட்பாரத்திலேயே படுத்திருக்கும் பயணி மாதிரி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதற்குள் எறும்பு இழுத்துக்கொண்டு போகும், குருவி பொறுக்கும், மிச்சத்தைப் பூஞ்சை தின்னும். கடைசியில் திட்டுத் திட்டாக நாலு முளை வரும். விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம்.

[திரையில்: இரண்டு வகைப் புல், பக்கத்தில் பக்கத்தில்]

சரி, எந்தப் புல் என்பதையும் பார்த்துவிடுவோம். புல்வெளிப் புற்களில் குளிரை விரும்பும் கூட்டம் ஒன்று, சூட்டை விரும்பும் கூட்டம் ஒன்று. ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் எல்லாம் முதல் கூட்டம். மண் 10 முதல் 18 டிகிரி இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் 2001-லிருந்து முழுக்க முழுக்க ரைகிராஸ்தான். டிவியில் அதைப் பார்த்துவிட்டு அந்த விதையை வரவழைத்து அஸ்தம்பட்டி வீட்டு முற்றத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிசம்பரில் ஒரு வாரம் பத்து நாளில் பச்சைப் பசேல் என்று வரும். தெருவே வந்து பார்க்கும். மார்ச் கடைசியில் பழுக்கும், ஏப்ரலில் வைக்கோல். நாலு மாத அழகு போதும் என்றால் தாராளமாகப் போடுங்கள்; நிரந்தரம் என்று நினைத்துப் போடாதீர்கள்.

நமக்கு நிற்கக்கூடியது இரண்டாவது கூட்டம். பெர்முடா என்ற பெயரில் விற்பது வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல்லின் இனம்தான். அருகுபோல் வேரோட வேண்டும் என்று கல்யாண வீட்டில் வாழ்த்துவோமே, அதே புல். வயல்காரர் அதைப் பிடுங்கிப் போட்டு மாளவில்லை என்பார். நாம் காசு கொடுத்து விதை வாங்குகிறோம். கொரியன் புல்லும் நன்றாக இருக்கும். ஆனால் அதை விதையில் கொண்டுவருவது மெதுவான, பொறுமையைச் சோதிக்கிற வேலை. நர்சரியில் பத்தையாக வாங்கிப் பதிப்பதுதான் வழக்கம். அதனால் இனி விதை என்று சொல்வதெல்லாம் பெர்முடாவைத்தான்.

பெர்முடா விதைக்கு மண் 18 டிகிரியாவது இருக்க வேண்டும். 24 முதல் 30 வரை இருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் முளை தெரியும். 18, 19-லேயே நின்றால் மூன்று, நான்கு வாரம் இழுக்கும். வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: தோல் நீக்கியதா, தோலோடு உள்ளதா? தோலோடு இருந்தால் ஈரம் உள்ளே போகத் தாமதமாகும். குளிர் நாட்டுக்காரர்கள் வேண்டுமென்றே அதை வாங்கி, வசந்தம் வரும்வரை தூங்கட்டும் என்று விதைப்பதுண்டு. நமக்குத் தூங்கும் விதை எதற்கு? தோல் நீக்கியதையே வாங்குங்கள்.

[திரையில்: மண்ணில் குத்திய தெர்மாமீட்டர்]

காலண்டரைப் பார்ப்பதைவிட மண்ணைத் தொட்டுப் பார்ப்பது மேல். தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பது அதைவிட மேல். சமையலறையில் வைத்துக்கொள்ளும் கம்பி தெர்மாமீட்டர் போதும். 5 செ.மீ. ஆழத்தில் குத்தி, காலை 7 மணிக்கு ஒரு முறை, மத்தியானம் 3 மணிக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு வாரம் தொடர்ந்து காலை அளவே 18-க்கு மேல் இருந்தால் விதைக்கலாம். போனில் காட்டும் வெப்பம் காற்றுக்கு உரியது. மண் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும்.

இப்போது சேலத்துக்கு வருவோம். இங்கே குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. ஜனவரியில் இரவு 19, 20 டிகிரி, பகல் 30-ஐ ஒட்டி. வெயில் படும் இடத்தில் பெர்முடா தாராளமாக முளைக்கும். இங்கே நாள் குறிப்பது மழை. செப்டம்பர், அக்டோபரில்தான் சேலத்துக்கு நல்ல மழை. நவம்பரும் சும்மா விடாது. ஒரு கிலோ பெர்முடாவில் 40 லட்சத்துக்கும் மேல் விதை இருக்கும். அவ்வளவு பொடி. சாயங்காலம் ஒரு இடிமழை பிடித்தால் தோட்டத்து விதை மொத்தமும் சாக்கடை ஓரத்தில் போய்ச் சேரும். அப்புறம் அங்கே மட்டும் அருமையாக முளைத்திருக்கும்.

ஆகவே மழை ஓய்ந்து, டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. தை மாதம் முழுக்க என்று வைத்துக்கொண்டாலும் சரிதான். பின்னால் தள்ளத் தள்ள ஆபத்து. மார்ச்சில் வெயில் ஏறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரி அடிக்கும். அதற்குள் வேர் இறங்கி, ஓடுகொடி பின்னிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு எட்டு முதல் பத்து வாரம் வேண்டும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற தெரு என்றால் ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேசாமல் ஆடிப்பட்டத்துக்குத் தள்ளிப் போடுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் புல்வெளியை நினைத்துச் சொல்லவில்லைதான், ஆனால் புல்லுக்கும் அது பொருந்தும்.

வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கும் பக்கத்தில், அதாவது சுண்ணாம்புக்கரட்டை ஒட்டி வீடு இருந்தால் மண்ணில் காரம் அதிகமாக இருக்கலாம். விதைக்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. பெர்முடா ஓரளவு தாங்கும் என்பது ஆறுதல்.

[திரையில்: ஏற்காடு, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே ஒரு வீடு]

ஏற்காட்டில் மழையைவிடக் குளிரும் நிழலும்தான் நாளைக் குறிக்கின்றன. நிழலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.7 டிகிரியில் இருக்கிறோம். டிசம்பர் 22-ஆம் தேதி உச்சிப் பொழுதில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து, 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 20 அடி உயரச் சுவர் ஒன்று அப்போது வடக்குப் பக்கம் 14 அடிக்கு நிழல் போடும். அதே சுவரின் நிழல் மார்ச் 21-ஆம் தேதி வெறும் 4 அடி. அதாவது வீட்டுக்கு வடக்கே இருக்கும் தோட்டத்தில், டிசம்பரில் 10 அடி அகலத்துக்கு வெயிலே படாத மண், மார்ச்சில் முழு வெயிலில் இருக்கும். ஒரே தோட்டம், இரண்டு மண்.

அதனால் அங்கே மாசிக் கடைசி வரை பொறுங்கள். பங்குனியில் மண் சூடேறியிருக்கும். காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் கோடை மழையும் மார்ச், ஏப்ரலில் எட்டிப் பார்க்கும். தெர்மாமீட்டர் காலையில் 18 காட்டினால் வேலையைத் தொடங்கலாம். மே மாதம் கோடை விழாவுக்குக் கூட்டம் வருவதற்குள் புல்வெளி தயாராக வேண்டும் என்று தங்கும் விடுதிக்காரர்கள் கேட்பார்கள். பங்குனியில் விதைத்தால் மே மாதம் கண்ணுக்குப் பச்சையாக இருக்கும். ஆனால் ஐம்பது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தாங்காது. அவர்களுக்கு விதை வேண்டாம், பத்தைதான் சரி.

சில்வர் ஓக் அடியில் எந்த மாதம் விதைத்தாலும் பெர்முடா வராது. அதற்கு வெயில் வேண்டும், மரத்தடி வெயில் போதாது. அங்கே நிழல் தாங்கும் எருமைப்புல் பத்தையை வையுங்கள், அல்லது புல் ஆசையை விட்டுவிட்டு வேறு செடி வையுங்கள். மேலே குளிர்காலத்திலேயே பச்சை வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு மட்டும் ரைகிராஸ். நவம்பர் கடைசியில், பழைய புல்லை ஒட்ட வெட்டிவிட்டு அதன் மேலேயே தூவலாம். வட இந்தியாவில் கோல்ஃப் மைதானங்களில் செய்வதுதான். ஏற்காட்டுக் குளிர் அதற்குப் பிடிக்கும்.

[திரையில்: விதைக்கும் முறை]

விதைக்கும் விதம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து, மட்டம் செய்து, தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். கோரை தலைகாட்டும். கிழங்கோடு தோண்டி எடுங்கள். இந்த இரண்டு வாரத்துக்கு அவசரப்பட்டால் அடுத்த இரண்டு வருஷம் கோரையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு சென்ட்டுக்கு கால் கிலோவிலிருந்து 400 கிராம் வரை போதும். நாலைந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை வடக்கு தெற்காக, மீதியைக் கிழக்கு மேற்காகத் தூவுங்கள். காற்று இல்லாத காலை நேரம் நல்லது. மேலே சலித்த மணலோ மக்கோ, அரை செ.மீ.க்கு மேல் வேண்டாம். இந்த விதையை ஆழத்தில் புதைத்தால் வராது. உருளையை ஒரு முறை உருட்டி, பூவாளியில் தண்ணீர் விடுங்கள். ஹோஸைத் திறந்து விட்டால் விதை ஓடிவிடும். மண் காயவே கூடாது. சேலத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டியிருக்கும். ஏற்காட்டில் பனி பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நனைத்த சாக்கை முதல் சில நாட்கள் விரித்து வைத்தால் ஈரமும் நிற்கும், குருவியும் அண்டாது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் முளை வெளுத்துவிடும்.

புல் ஐந்து செ.மீ. உயரம் வந்ததும் முதல் வெட்டு. கத்தி கூர்மையாக இருக்கட்டும், மழுங்கிய கத்தி இளம் புல்லை வேரோடு பிடுங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். முதல் வெட்டுக்குப் பிறகு தண்ணீரை நாளுக்கு ஒரு முறையாகக் குறைத்து, ஆழமாக விடுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கட்டும்.