பணப் பாடம் வீட்டிலேதான்

நடுவர் அவர்களே, பிள்ளைகள் பணத்தைப் பற்றிக் கற்க வேண்டிய இடம் வீடா, பள்ளியா? வீடே என்று பேச வந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் சம்பள நாளில் அப்பா என்னை வங்கிக்குக் கூட்டிப் போவார். எந்திரம் சேமிப்புப் புத்தகத்தில் ஒரு வரி அச்சடிக்கும். காசு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று? சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டுக் கைபேசியை நீட்டினேன். பக்கத்தில் நின்ற மகள், "காசே கொடுக்காம வந்துட்டோமேம்மா!" என்றாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அன்றிரவே வங்கிச் செயலியைத் திறந்து, மீன் காசு கழிந்திருந்த வரியைக் காட்டினேன்.

முதலீட்டையும் பள்ளி சொல்லித் தரட்டும் என்கிறது எதிரணி. அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம் 500 வெள்ளியிலேயே கிடைக்கிறது. ஆனால் சொந்தப் பெயரில் வாங்க 18 வயது ஆக வேண்டும். அதுவரை பிள்ளை அம்மா அப்பாவின் கணக்கைப் பார்த்துத்தானே பழக முடியும்? நம்மில் பலர் கடன் பேச்சு எடுத்தாலே, "நீ போய்ப் படி" என்று பிள்ளையை அறைக்குள் அனுப்பிவிடுகிறோம். அங்கேதான் பாடம் நின்றுபோகிறது.

என் வீட்டில், ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்திலிருந்து சேர்த்து வைக்கும் மத்திய சேமநிதியின் கணக்கறிக்கைதான் பாடப்புத்தகம். சாதாரணக் கணக்குக்கு வட்டி 2.5 விழுக்காடு, சிறப்புக் கணக்குக்கு 4. எழுபத்திரண்டை வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் ஏறக்குறைய எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். நாலால் வகுத்தால் 18 வருடம். இரண்டரையால் வகுத்தால் 29 வருடம் ஆகிவிடும். மகள் இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானே போட்டுப் பார்த்தாள்.

"பெற்றோருக்கே தெரியாததை எப்படிச் சொல்லித் தருவார்கள்?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் மாதம் 5 விழுக்காடு லாபம் தருவதாகச் சொல்ல, 3,000 வெள்ளியைக் கொடுத்தேன். மொத்தமும் போய்விட்டது. வெட்கமாக இருந்தது, வெகுநாள் மறைத்தேன். போன வருடம் மகளிடம் சொன்னேன். தாளை எடுத்து எழுபத்திரண்டை ஐந்தால் வகுத்தாள். நிமிர்ந்து பார்த்து, "பதினாலு பதினஞ்சு மாசத்துலயே ரெண்டு மடங்கா? சேமநிதிக்கே 18 வருஷம் ஆகுதேம்மா, அவரால எப்படி முடியும்?" என்றாள்.

நடுவர் அவர்களே, எந்த ஆசிரியர் தன் வீட்டு நட்டக் கணக்கை வகுப்பறையில் விரித்து வைப்பார்?