படியில் விழுந்ததாகச் சொன்ன காயம்

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர் கேட்டா படியில விழுந்துட்டேன்னு சொல்லிடட்டுமாக்கா?"

பல வருடங்களுக்கு முன், வட சென்னையில் ஒரு மருத்துவமனை வாசலில் நின்று ஒரு பெண் என்னிடம் கேட்டது இது. புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எண்ணூர் பக்கம், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் ஒருவன் அடித்துவிட்டு, அன்றைக்கு அவர் சம்பாதித்த பணத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். லாரி நம்பரின் கடைசி நான்கு எண்கள் அவருக்கு ஞாபகம் இருந்தன. ஸ்டேஷனுக்குப் போகலாம் வாம்மா என்றேன். "அந்த நேரத்துல நீ அங்க என்ன பண்ணேன்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்றது?" என்றார். ஏழு தையல் போட்டார்கள். சீட்டில் படியில் விழுந்ததாகவே எழுதினார்கள்.

அப்போது நான் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றில் ஆலோசகராக இருந்தேன். காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றிய காலம். பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்ற விவாதம் எங்கே கிளம்பினாலும் எனக்கு அந்தச் சீட்டு கண்முன் வந்துவிடும்.

நம் நாட்டில் வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தோடு இந்தத் தொழில் செய்வது குற்றம் அல்ல. பலருக்கு இது தெரியாது. ஆனால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், பேப்பரில் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று போடுகிறார்களே அதுதான், அவரைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தால் முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை. சிறைக்குப் பதிலாக 2 முதல் 5 ஆண்டு வரை சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த இல்லத்தைப் பெண்கள் 'ஹோம்' என்பார்கள். ஜெயிலைவிட அதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்துத் தொழில் செய்தால் அந்த வீடே விபச்சார விடுதி, அதாவது பிராத்தல் கேஸ். 18 வயது தாண்டிய மகன் அம்மாவின் சம்பாத்தியத்தில் கல்லூரிக்குப் போனால் அவன் மீதும் வழக்குப் போட முடியும்.

அப்புறம் அந்த 200 மீட்டர் விதி. கோயில், மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம், மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் அதுவும் குற்றம். ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ நின்று 200 மீட்டர் அளந்து பாருங்கள். ஒரு அம்மன் கோயிலோ, மாதா கெபியோ, தர்காவோ, ஸ்கூலோ குறுக்கே வராத தெரு எங்கே இருக்கிறது? அதனால் இங்கே வேலை பார்க்கும் பெண்கள் வெளிச்சம் இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் தேடிப் போகிறார்கள். எண்ணூர் சாலைக்கு அந்தப் பெண் போனதும் இப்படித்தான்.

2022 மே 19-ஆம் தேதி நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஓர் உத்தரவு போட்டது. கொல்கத்தாவில் 1999-இல் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து கிளைத்தது அது. இந்தத் தொழில் செய்யும் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புகார் சொன்னால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் எல்லா உதவியும் கிடைக்க வேண்டும், ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக் கூடாது, முகத்தையும் பெயரையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் பெறவும் வழி செய்தது.

ஆணுறை பற்றிய வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், இதே சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்துச் செய்த ஆய்வு அது. நாட்டுக்கு எச்சரிக்கை மணி அடித்தது அந்தப் பெண்களின் ரத்தம். அதற்குப் பிறகு ஆணுறையைக் கையில் கொடுத்துப் 'பையில வச்சுக்கோம்மா' என்று எங்களைப் போன்றவர்கள் சொன்னோம். அதே ஆணுறையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி வழக்குப் போட்டதும் நடந்தது. நாங்கள் சொன்னதைக் கேட்டதற்காக அவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, உத்தரவு வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்கலாம். சட்டப் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. பெட்டி கேஸ் போடவும் மாமூல் கேட்கவும் அந்தப் பிரிவுகளே போதும்.

எதிர்த்துப் பேசுபவர்களை நான் மதிக்கிறேன். இது தொழில் அல்ல, வறுமையும் சாதியும் பெண்ணைத் தள்ளிவிட்ட குழி என்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடி, 1947-இல் தேவதாசி முறையைச் சட்டம் போட்டு ஒழித்த மாநிலம் இது. பிறப்பே ஒரு பெண்ணின் உடம்பை ஊருக்கு எழுதிக் கொடுத்த காலம் இங்கே யாருக்கும் மறக்கக் கூடாது. ஆள்கடத்துபவனும் சிறுமியை விற்பவனும் ஒரு நாள்கூட வெளியே இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் அவர்களுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் குழியில் விழுந்தவருக்கு ஃபைன் போடுவதை எப்படி ஏற்பது? சுவீடனில் 1999 முதல் வாங்குபவன்தான் குற்றவாளி, பெண் அல்ல. அங்கேகூட, வாங்குபவன் போலீசுக்குப் பயந்து அவசரப்படுத்துவதால் ஆளை எடைபோட நேரம் கிடைப்பதில்லை என்று அந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் சொல்கிறார்கள்.

நியூசிலாந்து 2003-இல் குற்றப் பிரிவுகளையே நீக்கியது. 2014-இல் அங்கே ஒரு பாலியல் தொழிலாளி, தன்னைப் பேச்சால் சீண்டிய விடுதிக்காரர் மீது புகார் கொடுத்து 25,000 டாலர் இழப்பீடு வாங்கினார். அந்தச் சட்டமும் குறையில்லாதது அல்ல. தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விடுதியில் வேலை செய்யும் பெண், விடுதிக்காரர் மீதே புகார் கொடுக்கிறார்! எங்கள் பெண்ணுக்கோ நெற்றி பிளந்தபோதும் அது முடியவில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் இந்தத் தொழிலில் இருக்கும் யாராவது இருக்கலாம். பேனா, பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அந்த உதவி உண்டு. பெண்கள் உதவி எண் 181. குழந்தை யாராவது சிக்கியிருப்பதாகத் தெரிந்தால் 1098. அடிபட்டு மருத்துவமனைக்குப் போனால், அடித்தான் என்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அது சீட்டில் ஏறட்டும்.

நன்றி, வணக்கம்.