சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்: தோட்டத்துத் தமிழரும் இந்திய விடுதலையும்

(காட்சி: கிள்ளான் பக்கம் ஒரு தோட்டப் பட்டணம். செம்மண் சடக்கு. ஓரத்தில் சாய்த்து வைத்த பழைய சைக்கிள்.)

வணக்கம். மலாயாவில், அதாவது இன்றைய மலேசியாவில், கிள்ளான் பக்கம் நான் நிற்கிற இந்தச் சடக்கின், இந்தச் சாலையின், இருபுறமும் இன்று செம்பனை. அன்று ரப்பர் மரம். வேலைக்காட்டிலிருந்து சைக்கிளில் வருகிறார் ஒரு தமிழர். எதிரே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வந்தால் இறங்க வேண்டும். தோட்ட அலுவலக எழுத்தரான பெரிய கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். அவர்கள் கடந்துபோன பிறகுதான் மிதியில் கால் வைக்கலாம்.

1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு, எங்கள் பெண்கள்மேல் கை வைக்காதே என்றார்கள். கூடவே, எங்களைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்றும் கேட்டார்கள். என் நெஞ்சை விட்டு அகலாதது இந்தக் கோரிக்கைதான். கூலியைக் கூட்டிக் கொடுத்து இதை அடக்க முடியாது.

முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். தோட்டங்கள் கொதித்தன. பட்டாளம் இறங்கியது, துப்பாக்கி வெடித்தது, நம் ஆட்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

(காட்சி: பெரட்டுக் களம், வேலைக்குமுன் தொழிலாளிகளைப் பேர் கூப்பிடும் இடம். விடியல் இருட்டு.)

அடுத்து ஜப்பான்காரன் வந்தான். சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆயிரமாயிரம் பேரை அள்ளிக்கொண்டு போனான்; அங்கே போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த நேரத்தில், 1943 ஜூலையில், சிங்கப்பூர் வந்திறங்கினார் நேதாஜி. அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் சயாமுக்குப் பயந்து போனவர்களும் உண்டு. அதனால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது.

அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையைப் பாருங்கள். தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்த பெண்களில் பலர் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய தமிழச்சிகள். விடியலில் கங்காணி பேர் கூப்பிட, பெரட்டில் தலைகுனிந்து நின்றவர்கள், துப்பாக்கியைத் தோளில் வைத்து அணிவகுத்தார்கள். 'பரேட்' என்ற சொல்தான் நம் தோட்டத்தில் 'பெரட்டு' ஆனது. அந்தச் சொல்லின் உண்மையான பொருளை இந்தப் பெண்கள் மீட்டெடுத்தார்கள் என்றே சொல்வேன்.

கோலாலம்பூர் ஜானகியும் அவர்களில் ஒருவர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, ராணிப்படைப் பெண்கள் குண்டுவீச்சுக்கு நடுவே நாள்கணக்கில் நடந்தார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார்.

வீடு திரும்பிய பலர் மறுபடி ரப்பர் பால்வாளியைத் தூக்கினார்கள். 1947-ல் இந்தியா விடுதலை பெற்றது. மலாயாவுக்கு விடுதலை 1957-ல்தான். இடைப்பட்ட அந்தப் பத்து வருடமும், டில்லிக்காகத் துப்பாக்கி தூக்கிய பெண்கள் வெள்ளைக்காரத் துரையின் பெரட்டுக்குத்தான் எழுந்து போனார்கள்.