தங்கத்தின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதற்குக் காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். தங்கம் அப்படிக் கறுப்பதில்லை. அதற்காகத் தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் ஒட்டே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட கார்பன் சங்கிலியின் ஒரு முனையில் கந்தகம் இருந்தால் அதைத் தயோல் என்கிறோம். அதை எத்தனாலில் கரைத்து, அதில் தங்கம் பூசிய தகட்டை ஊறவையுங்கள். கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சில நிமிடங்களில் இடம் ஏறக்குறைய நிரம்பிவிடும். ஆனால் சங்கிலிகள் நெருங்கி, காற்றுக்குச் சாய்ந்த நெற்பயிர் போல ஒரே பக்கம் 30 டிகிரி சாய்ந்து ஒழுங்காக நிற்க ஓர் இரவு பிடிக்கும். ஒரு மூலக்கூறு தடிமனுள்ள இந்தப் படலத்தை யாரும் அடுக்குவதில்லை, தானே அடுக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நுஸ்ஸோவும் அல்லாராவும் 1983இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தத் துறை வளர்ந்தது.

18 கார்பன் சங்கிலி என்றாலும் படலத்தின் தடிமன் 2 நானோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத இதில் ஓட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மின்சாரத்தை விட்டுத்தான்.

ஃபெரிசயனைடு என்பது எலக்ட்ரானை எளிதில் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் இரும்புச் சேர்மம். வெறும் தங்கத்தை அதன் கரைசலில் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், மின்னோட்டத்தைக் காட்டும் கோட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முகடுகள் திரையில் எழும். நல்ல படலம் மூடியிருந்தால் ஃபெரிசயனைடு தங்கத்தை நெருங்க முடியாது, கோடு தட்டையாகப் படுத்துவிடும். நான் முதன்முதலில் செய்தபோது சின்ன முகடு மிச்சமிருந்தது. அவசரப்பட்டு ஒரு மணி நேரத்திலேயே தகட்டை எடுத்திருந்தேன். அப்புறம் புதுத் தகட்டை நன்றாகக் கழுவி, இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் கோடு படுத்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஓட்டையே இல்லாவிட்டாலும் மின்னோட்டம் முழுதாக நின்றுவிடாது. எலக்ட்ரான் குவாண்டம் விதிப்படி சங்கிலியை ஊடுருவிக் கடக்கும். சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் அந்த ஓட்டம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பென்சீன் வளையங்களைக் கோத்த மூலக்கூறானால் நீளம் கூடினாலும் இவ்வளவு வேகமாகக் குறையாது. மின்னோட்டத்தை மூலக்கூறின் நீளத்தாலும் வடிவத்தாலும் கட்டுப்படுத்தலாம் என்பதுதான் என்னை இன்றும் இந்த வேலையில் பிடித்துவைத்திருக்கிறது.

படலத்தைக் கழற்றவும் மின்சாரமே போதும். காரக் கரைசலில் தகட்டை மைனஸ் 1 வோல்ட்டை ஒட்டிக் கொண்டுபோனால் கந்தகம் பிடியை விடும், ஒரு மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம். செலவான மின்னூட்டத்தை அளந்தால் எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்ற கணக்கு வந்துவிடும். நெருக்கமாக அடுக்கிய படலத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 460 லட்சம் கோடி.